சுண்டெலியின் சண்டையும் காரண காரியமும்



பெங்களூர் ஈஜிபுராவில் நாங்கள் குடியிருக்கும் தெருவுக்கு அண்மையில் தமிழ்க் குடும்பம் ஒன்று வந்து சேர்ந்தது. அவ்வீட்டுச் சிறுவன் பள்ளியில் நாள்தோறும் சண்டையிட்டுத் திரும்புவான். "என்ன செய்வது, சார்? ஆண்பிள்ளை, பிறவிக்குணம்" என்று அவன் தந்தையார் வருந்தினார்.

அச்சமயம் மொழிபெயர்ப்புக்காக என் மேசைக்கு அறிவியல் கட்டுரை ஒன்று வந்திருந்தது. அதில் 'வளர்ச்சிக் காரணி' என்று பன்முறை எழுத நேர்ந்தது. காரணி என்கிறோமே, எது காரணம், எது காரியம் என்னும் ஐயம் எழுந்தது.

வளர்ச்சிக் காரணிகளுள் முதலில் அறியப்பட்டது நரம்பு வளர்ச்சிக் காரணியாகும். 1950-களில் அமெரிக்காவில் ஆராய்ந்த இத்தாலிய அம்மையார் ரீட்டா லெவி-மொன்டால்சினி அதனைக் கண்டார். அவருடன் உழைத்த ஸ்டான்லி கோஹன், ஆண் சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியில் அது மிகுந்திருப்பதை உணர்ந்தார். இருவரும் 1986-இல் நோபல் பரிசு பெற்றனர். பெண் சுண்டெலியிடம் அக்காரணி குறைவு. ஆண்பால் ஹார்மோனைச் செலுத்தினால் பெண்ணிடமும் அது பெருகும்.

"பார்த்தீர்களா, எல்லாம் பிறவியே" எனச் சிலர் கூறக்கூடும். சற்றுப் பொறுக்க வேண்டும். அம்மையாரும் துணைவர்களும் 1986-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு உண்டு. ஆண் சுண்டெலிகளைப் பல வாரங்கள் தனித்தனியே அடைத்துவைத்துப் பின்னர் ஒன்றாக விட்டனர். அவை கடுமையாகப் போரிட்டன. போருக்குப்பின் அவற்றின் இரத்தத்தில் நரம்பு வளர்ச்சிக் காரணி ஏறியிருந்தது. உமிழ்நீர்ச் சுரப்பியை முன்னரே நீக்கியிருந்தால் அவ்வேற்றம் தோன்றவில்லை.

ஆகவே, ஹார்மோன் சுரப்பியை நிரப்புகிறது. சண்டையோ அச்சுரப்பியைத் திறந்துவிடுகிறது. உடல் நடத்தையை ஆக்குவது போலவே நடத்தையும் உடலை மாற்றுகிறது. காரணம் காரியமாகிறது, காரியம் மீண்டும் காரணமாகிறது.

கருப்பையிலும் சூழல் உண்டு. இரு ஆண் கருக்களுக்கு இடையே வளர்ந்த பெண் சுண்டெலி, பெண் கருக்களுக்கு இடையே வளர்ந்ததைவிடச் சண்டைக்குணம் மிக்கதாகிறது என்று 1980-இல் ஆய்வாளர் எழுதினர். பிறவிக்குணம் என்பதிலும் இடத்தின் பங்கு இருக்கிறதன்றோ?

சுண்டெலி வேறு, மனிதன் வேறு. ஒன்றின் கணக்கை மற்றொன்றின்மேல் ஏற்றுதல் தகாது. ஆயினும் அத்தனிக்கூண்டு என் நினைவைவிட்டு அகலவில்லை. அச்சிறுவனுக்குக் கன்னடம் தெரியாது. பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்வதால் மாலை முழுதும் பூட்டிய வீட்டில் தனித்திருப்பான்.

இப்பொழுது மாலைதோறும் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுடன் விளையாடுகிறான், கன்னடமும் கற்கிறான். சண்டை முற்றும் நின்றுவிடவில்லை. ஆனால் யாருடன், எதற்காகச் சண்டையிட்டான் என்பதை இன்று எங்களிடம் வந்து சொல்கிறான்.

வெளியூரில் வாழும் நேயர்களே, குழந்தையின் குணத்தைப் பிறவியின் தலையில் கட்டுமுன் அவன் இருக்கும் இடத்தை ஒருமுறை நோக்குங்கள்.