நெருக்கி நடும் மாவுக்கு ஏற்ற வகை எது?



காரிமங்கலத்திற்கு அருகே எங்களுக்கு ஒரு மாந்தோப்பு உண்டு. என் தந்தையார் பத்து மீட்டருக்கு ஒன்றாக, ஹெக்டேருக்கு 100 மரம் என்னும் பழைய கணக்கில் நட்டது. இடையில் மாட்டு வண்டி தாராளமாகப் போகும். அவ்வளவு இடமும் வீண் என்று எனக்குத் தோன்றியது. வயது அப்படி! ஒரு பகுதியில் ஐந்து மீட்டருக்கு ஒன்றாக, ஹெக்டேருக்கு 400 வீதம், அல்போன்சா ஒட்டுச்செடிகளை நட்டேன். "வகையைப் பார்த்து நடு, தம்பி" என்றார் அவர். நான் விலையைத்தான் பார்த்தேன்.

எட்டாம் ஆண்டில் கிளைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டன. வெயில் உள்ளே இறங்கவில்லை. உச்சியில் மட்டும் சிறிது காய்த்தது. அஞ்சிப்போய் ஐப்பசியில் கிளைகளை வெட்டினேன். தை பிறந்தபோது பூவுக்குப் பதிலாகச் செந்தளிர் வந்து நின்றது. மாமரம் முற்றிய கிளையின் நுனியிலேதான் பூக்கும். அறுவடை முடிந்தவுடன் ஆடியிலேயே வெட்டியிருந்தால் புதுக்கிளை முற்றுவதற்குக் காலம் கிடைத்திருக்கும்.

ஸ்பெயின் நாட்டில் 1990-களில் ஒலிவ மரங்களை வேலிபோல, ஹெக்டேருக்கு 1,500-க்கும் மேலாக நட்டு, வரிசையின் இருபுறமும் தழுவி நகரும் இயந்திரத்தால் காயை உதிர்க்கத் தொடங்கினர். அங்கும் எல்லா வகைகளும் இணங்கவில்லை. அடக்கமாக வளர்ந்து விரைவில் காய்க்கும் அர்பெக்கினா, அர்போசனா, கொரோனெய்க்கி போன்ற சிலவே நிலைத்தன. எண்ணெய்க்குப் போகும் சிறு காய் சற்று நசுங்கினாலும், உடனே ஆலைக்குச் சென்றால் பெரிய கேடில்லை. நம் மாங்காயோ, காம்பு முறிந்து பால் பட்டாலே தோல் கறுக்கும். ஆகவே நமக்கு இயந்திரம் மனிதன் கைதான். தரையில் நிற்பவன் கைக்கோ, வலை கட்டிய குறுங்கோலுக்கோ எட்டும் உயரத்தில் மரம் அடங்கி நிற்க வேண்டும்.

அப்படி அடங்குவது எது? தசேரியையும் நீலத்தையும் இணைத்துப் புதுதில்லி இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஆம்ரபாலி ஒன்று. இரண்டரை மீட்டருக்கு ஒன்றாக, ஹெக்டேருக்கு 1,600 வரை நடலாம், ஆண்டுதோறும் காய்க்கும். ஆனால் பழம் சிறியது. 2004-இல் நம் மாவட்டத்திலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரியின் கூழ் ஆலைகள் பெரிதும் கேட்பது கிளிமூக்கு, அதாவது பெங்களூரா. அதுவும் தவறாமல் காய்ப்பதே. ஆயினும் ஆண்டுதோறும் கத்தி படாவிட்டால் படர்ந்துவிடும். நீலத்திலிருந்து தேர்ந்தெடுத்த பையூர் 1 இயல்பிலேயே குட்டை. நீலத்தைக் கொட்டை வண்டு மிக நாடும் என்பதை மட்டும் மறக்கலாகாது.

ஆலையையே நம்பி முழுத்தோப்பையும் கிளிமூக்காக்கினால், விலை சரியும் ஆண்டில் வேறு போக்கிடமில்லை. எனவே அல்போன்சாவில் ஒன்றுவிட்டு ஒரு வரிசையை நீக்கினேன். வேறொரு துண்டில் பாதி கிளிமூக்கும் பாதி பையூர் 1-உம் நட்டிருக்கிறேன். ஆடி மாதம் வெட்டுக்கத்தியோடு உள்ளே சென்றுவிடுகிறேன். தந்தையார் நட்ட மரங்களில் இன்னும் ஆள் ஏறித்தான் பறிக்கிறோம்.