ஒலி அலையும் ஒளி அலையும்: ஓர் அலுவலரின் ஓய்வு நேரம்

(மாணவர்களுக்கும் அரசு அலுவலர்களுக்கும் ஆற்றிய உரை)

மழைக்கால மாலையில் மின்னல் முதலில் கண்ணைப் பறிக்கிறது. இடியோசை சற்றுப் பின்னரே காதை எட்டுகிறது. இரண்டும் ஒரே இடத்தில் ஒரே கணத்தில் பிறந்தவை. ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீட்டர் செல்கிறது. காற்றில் ஒலி செல்லும் வேகமோ விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 3 விநாடி கழிந்தால், மின்னல் தோன்றிய இடம் சுமார் 1 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதாகக் கணக்கிடலாம்.

இரண்டும் அலைகளே. குளத்தில் கல்லெறிந்தால் வட்டங்கள் கரையை அடைகின்றன. ஆனால் நீர்மேல் கிடக்கும் இலை தன் இடத்திலேயே ஏறி இறங்குகிறது. அலை சுமந்து செல்வது ஆற்றலை, பொருளை அன்று. ஒலி அலை காற்று, நீர், இரும்பு போன்ற ஊடகத்தை நெருக்கியும் தளர்த்தியும் முன்னேறுகிறது. ஒளியோ மின்புலமும் காந்தப்புலமும் இணைந்த அலை. அதற்கு ஊடகம் தேவையில்லை. எனவேதான் சூரியனின் ஒளி வெட்டவெளியைக் கடந்து பூமியை அடைகிறது. அதன் கொந்தளிப்பின் ஓசை அடைவதில்லை.

அதிர்வெண்ணை அலைநீளத்தால் பெருக்கினால் அலையின் வேகம் கிடைக்கும். மனிதச் செவி விநாடிக்கு 20 முதல் 20,000 வரையிலான அதிர்வுகளை உணர்கிறது. காற்றில் அவற்றின் அலைநீளம் சுமார் 17 மீட்டரிலிருந்து 17 மில்லிமீட்டர் வரை. கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளமோ 0.0004 முதல் 0.0007 மில்லிமீட்டர்வரைதான். கதவுக்கு அப்பால் பேசுவோரின் குரல் மூலை திரும்பி வந்து கேட்பதும், அவர்தம் உருவம் தெரியாதிருப்பதும் பெரிதும் இவ்வேறுபாட்டின் விளைவே.

நிதித்துறை அலுவலரின் ஆய்வு

இவ்விரு அலைகளையும் ஆராய்வதில் இந்தியா உலக அரங்கில் இடம் பெற்ற வரலாறு ஒரு நிதித்துறை அலுவலரிடமிருந்து தொடங்குகிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் முதுகலைப் பட்டம் பெற்ற சி. வி. இராமன், 1907இல் கல்கத்தாவில் உதவிக் கணக்காயராகப் பணியேற்றார். அந்நகரில் மகேந்திரலால் சர்க்கார் 1876இல் பொதுமக்களின் நன்கொடையைக் கொண்டு நிறுவிய இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் இருந்தது. அலுவலகம் செல்லுமுன் காலையிலும், திரும்பியபின் மாலையிலும் அங்கே ஆய்வு செய்வதை இராமன் வழக்கமாகக் கொண்டார். 1917இல், அரசுப் பணியில் பெற்றதைவிடக் குறைந்த ஊதியத்தை ஏற்றுக் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

அவர் முதலில் பெரிதும் ஈடுபட்டது ஒலியில். வெறும் தோலை வட்டமாக இழுத்துக் கட்டி அடித்தால் எழும் மேற்சுரங்கள், அடிப்படைச் சுரத்தின் 1.59, 2.14, 2.30 மடங்கு என்று ஒழுங்கின்றி அமையும். இசைக்கு அவை பொருந்தா. மிருதங்கம், தபலா ஆகியவற்றின் தோலில் பூசப்படும் கரிய பசை, தோலின் எடையை வேண்டிய இடத்தில் கூட்டி, மேற்சுரங்களை ஏறத்தாழ 2, 3, 4, 5 மடங்குகளாக ஒழுங்குபடுத்துகிறது என்பதை 1920இல் உடன் ஆய்வாளர் ஒருவருடன் சேர்ந்து அவர் விளக்கினார். பெயர் அறியப்படாத கைவினைஞர்கள் செவியால் கண்டதை விஞ்ஞானம் அளவால் உறுதி செய்தது.

1921இல் கப்பற் பயணத்தின்போது கடலின் நீலம் அவர் கருத்தைக் கவர்ந்தது. வானத்தின் பிரதிபலிப்பே அந்நிறம் என்பது ராலே பிரபுவின் கருத்து. இராமன் ஒரு நிக்கோல் பட்டகத்தைக் கொண்டு பிரதிபலித்த ஒளியை விலக்கிப் பார்த்தார், நீலம் மறையவில்லை. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று அவர் முடிவு செய்தார். நீர் சிவப்பு ஒளியை உட்கவர்வதும் இந்நிறத்துக்கு முக்கிய காரணம் என்று பின்வந்த ஆய்வுகள் சேர்த்துக் கூறின.

அவ்வினா அத்துடன் நிற்கவில்லை. 1928 பிப்ரவரி 28ஆம் நாள், கே. எஸ். கிருஷ்ணனின் ஒத்துழைப்புடன் நடந்த ஆய்வில், சிதறிய ஒளியின் ஒரு சிறு பகுதி தன் அதிர்வெண்ணை மாற்றிக்கொள்வது வெளிப்பட்டது. ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு நுண்ணிய மத்தளம் போன்றது. அதற்கென உரிய அதிர்வுகள் உண்டு. அதன்மேல் படும் ஒளி, அவ்வதிர்வுகளுக்கு ஏற்பச் சிறிது ஆற்றலை இழந்தோ பெற்றோ திரும்புகிறது. அம்மாற்றத்தை அளந்தால் பொருள் இன்னதென அறியலாம். இக்கண்டுபிடிப்புக்காக 1930இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒலியும் ஒளியும் பின்னர் ஒரே ஆய்வில் சந்தித்தன. 1935-36 ஆண்டுகளில் பெங்களூரில் இராமனும் நாகேந்திர நாத்தும், திரவத்தில் செல்லும் மீயொலி அலைகள் ஒளிக்கற்றையைப் பல திசைகளில் பிரிப்பதற்கான கொள்கையை வகுத்தனர். இன்று லேசர் ஒளியை மீயொலியால் கட்டுப்படுத்தும் கருவிகளுக்கு அக்கொள்கை துணைநிற்கிறது.

காலம் தாழ்ந்த பலன்

திட்டமிடுவோர் கருத வேண்டிய கணக்கு இதில் உண்டு. கழகத்தை நிறுவிய சர்க்கார் 1904இல் மறைந்தார். இராமன் அங்கு வந்தது அதற்கு 3 ஆண்டுகளுக்குப் பின். பெரும் பலன் கிட்டியது கழகம் தோன்றிய 52ஆம் ஆண்டில். அதுவும் உடனே பயன்பாட்டுக்கு வந்துவிடவில்லை. 1960இல் லேசர் உருவான பின்னரே இராமன் விளைவின் பயன் வேகமாக விரிந்தது. இன்று மருந்துகளின் தரம் காணவும், கனிமங்களையும் வெடிபொருள்களையும் இனங்காணவும் அது உதவுகிறது. ஆண்டுதோறும் செலவையும் விளைவையும் நேர்நேராக வைத்துப் பார்த்திருந்தால், கழகத்தின் தொடக்க ஆண்டுகள் வீண் செலவாகவே தோன்றியிருக்கும்.

கடல் ஏன் நீலம் என்று கேட்டவர் மருந்துத் தொழிலை எண்ணிக் கேட்கவில்லை. ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கும் பொறுப்பிலுள்ளோர், உடனடிப் பயன் தேடும் திட்டங்களோடு இத்தகைய வினாக்களுக்கும் இடம் விட வேண்டும். ஆய்வுக்கூடத்தின் கதவு அலுவலக நேரத்துக்குப் பின்னும் திறந்திருந்தது. உள்ளே நுழைய ஓர் இளம் அலுவலர் தயங்கவில்லை. இவ்விரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் அந்தக் கண்டுபிடிப்பு இந்தியாவில் நிகழ்ந்திருக்குமா என்பது ஐயமே. பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினமாக 1987 முதல் கொண்டாடப்பட்டு வருகிறது. ஒவ்வொரு கல்லூரியும் தன் ஆய்வுக்கூடம் எத்தனை மணிக்குப் பூட்டப்படுகிறது என்று அந்நாளில் கேட்டுக்கொள்வது அவ்விழாவுக்குப் பொருத்தமான தொடக்கமாகும்.