தகட்டின் நாடி பார்க்கும் இயந்திரம்

(தொழிலாளர் படிப்பு வட்டத்தில் நிகழ்த்திய உரை)

ஒரு மோட்டார் காரின் உடலைப் பிரியாமல் பிடித்து வைத்திருப்பது எது? பெரும்பாலான கார்களில் அது ஆணியுமல்ல, திருகுமல்ல. மெல்லிய எஃகுத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பொட்டுப் பொட்டாகப் பற்றவைத்திருக்கிறார்கள். இதைத்தான் ஸ்பாட் வெல்டிங் என்கிறோம். ஒரு காரில் சுமார் 3,000 முதல் 5,000 பொட்டுகள் வரை இருக்கும். அவை சரியாகப் பிடிக்காவிட்டால், வண்டி மோதும்போது தகடு பிரிந்து வரும். உள்ளே இருப்பவர்களின் உயிர் அந்தப் பொட்டுகளில்தான் இருக்கிறது.

இந்த வேலை எப்படி நடக்கிறது? இதில் கேஸும் கிடையாது, வெல்டிங் குச்சியும் கிடையாது. அமெரிக்காவில் எலிஹு தாம்சன் என்பவர் 1886-ல் காப்புரிமை பெற்ற முறை இது. இரண்டு செம்பு முனைகள் தகடுகளை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும். சில நூறு கிலோ எடைக்குச் சமமான அழுத்தம். பிறகு ஏறத்தாழ 10,000 ஆம்பியர் மின்சாரம், கண் இமைக்கும் நேரத்துக்குப் பாயும். எங்கே மின்தடை அதிகமோ அங்கே சூடு அதிகம். தகடும் தகடும் சேரும் இடத்தில்தான் தடை அதிகம். ஆகவே அங்கே எஃகு உருகி, ஆறி, துவரம்பருப்பு அகலத்துக்கு ஒரு கட்டியாக உறைகிறது.

இங்கேதான் சிக்கல். அந்தக் கட்டி இரு தகடுகளுக்கும் நடுவே ஒளிந்திருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. தொழிலாளி உளியை விட்டுப் பிளந்து பார்ப்பான். கட்டி ஒரு தகட்டைக் கிழித்துக்கொண்டு மற்றதோடு வந்தால் நல்ல பற்றவைப்பு. வழவழவென்று பிரிந்து வந்தால் அது வெறும் ஒட்டுதான். ஆனால் எல்லாப் பொட்டுகளையும் பிளந்து பார்க்க முடியுமா? மீதியை நம்பித்தான் அனுப்ப வேண்டும்.

பழைய இயந்திரம் குருட்டு இயந்திரம். இவ்வளவு கரண்ட், இவ்வளவு நேரம் என்று வைத்துவிட்டால் நாளெல்லாம் அதையே தரும். ஆனால் நிலைமை மாறிக்கொண்டே இருக்கிறதே! நூற்றுக்கணக்கான பொட்டுகள் வைத்தபின் செம்பு முனை நசுங்கி அகலமாகிறது. அதே கரண்ட் பரந்த இடத்தில் பாய்வதால் சூடு குறைகிறது. துருப் பிடிக்காமலிருக்கத் தகட்டில் பூசிய துத்தநாகம் செம்போடு கலந்து முனையை அரிக்கிறது. தகடுகளுக்கிடையே இடைவெளி இருந்தாலும் கேடு. இதற்குப் பயந்து கரண்டைக் கூட்டி வைத்தால், உருகிய எஃகு பொறியாகத் தெறிக்கிறது, பற்றவைப்பும் பலவீனப்படுகிறது.

கையில் வெல்டிங் கன் பிடித்த தொழிலாளி சத்தத்தையும் பொறியையும் கொண்டு ஓரளவு கண்டுகொண்டான். அந்த இடத்துக்கு ரோபோ வந்தது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், லார்ட்ஸ்டவுன் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை 1970-ல் வேகா கார் உற்பத்தியைத் தொடங்கியபோது, பற்றவைக்க யூனிமேட் ரோபோக்களை நிறுத்தியது. மணிக்குச் சுமார் 100 கார் என்பது அந்த வரிசையின் வேகம். ஆளைக் குறைத்து வேலையைக் கூட்டியதை எதிர்த்து, 1972 மார்ச்சில் அங்கே தொழிலாளர்கள் சுமார் மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். ரோபோவுக்குக் களைப்பு வராது, உண்மைதான். ஆனால் தான் வைத்த பொட்டு பிடித்ததா என்பது அந்த ரோபோவுக்குத் தெரியாது.

அந்தக் குறையைப் போக்க வந்ததுதான் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் கட்டுப்பாட்டு முறை. கருவி, மின்னழுத்தத்தையும் கரண்டையும் அளந்து, தகட்டின் மின்தடையைக் கணக்கிடுகிறது. வைத்தியர் நாடி பார்ப்பது போல! சாதாரண எஃகில் முதலில் மேற்பரப்பின் மேடுகள் நசுங்கித் தடை இறங்கும். சூடு ஏற ஏறத் தடையும் ஏறும். எஃகு உருகி இளகும்போது மீண்டும் இறங்கும். நல்ல பொட்டு ஒன்றின் ஏற்ற இறக்கத்தை மாதிரியாகப் பதித்து வைக்கிறார்கள். அடுத்த பொட்டு மாதிரியிலிருந்து விலகினால் கருவி உடனே கரண்டைத் திருத்துகிறது, அல்லது நேரத்தை நீட்டுகிறது. நொடிக்கு 1,000 சுழற்சி ஓடும் இன்றைய இன்வெர்ட்டர்களில் இந்தத் திருத்தம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் நடக்கிறது. கட்டாந்தரை வந்தால் மேழியை அழுத்தி, ஈரமண் வந்தால் விட்டுப் பிடிக்கும் உழவனின் வேலைதான் இது.

நல்ல கண்டுபிடிப்பு, சந்தேகமில்லை. ஆனால் ஆலைத் தோழர்களுக்குத் தெரிந்த ஒன்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஜப்பானில் சகிச்சி டொயோடா 1924-ல் செய்த தானியங்கித் தறி, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். அந்தத் தறிக் கம்பெனியிலிருந்துதான் பின்னால் டொயோட்டா கார் கம்பெனி பிறந்தது. தறி நின்று ஆளைக் கூப்பிடுகிறது. ஆள் வந்து நூலை முடிந்து, ஏன் அறுந்தது என்று பார்க்கிறான்.

இந்தப் புதிய கருவியோ, தன்னால் ஈடுகட்ட முடிகிற வரையில் நிற்பதில்லை. முனை தேய்ந்தாலும், குளிரவைக்கும் தண்ணீர்க் குழாய் அடைத்தாலும், தகடு கோணலாக வந்தாலும், கரண்டைக் கூட்டி ஈடுகட்டிக்கொண்டே போகும். காய்ச்சலுக்கு மாத்திரை போட்டுக்கொண்டு வயலுக்குப் போகிறவனின் கதை! நோய் உள்ளே வளரும். ஒரு நாள் ஈடுகட்ட முடியாமல் போகும். இன்னொன்று: மோசமான பொட்டை மாதிரியாகப் பதித்தால், கருவி அந்த மோசத்தையே விசுவாசமாகப் பின்பற்றும். நல்ல மாதிரி எது என்று சொல்ல, உளியால் பிளந்து பார்த்த மனிதன் வேண்டும்.

எவ்வளவு ஈடுகட்டினோம் என்பதைக் கருவி தன் பதிவேட்டில் எழுதி வைக்கிறது. அதைப் படிப்பது யார்? மேலே உள்ள ஆபீஸ் மட்டும் படித்தால், வரிசையில் நிற்கிறவன் இருட்டில் நிற்கிறான். பொட்டு விட்டுப்போகும் நாளில் பழி மட்டும் அவன் தலையில் விழும்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை மூன்று. பதிவேடு வேலை செய்கிறவனுக்குத் திறந்திருக்க வேண்டும். அதைப் படிக்க வேலை நேரத்திலேயே பயிற்சி தர வேண்டும். முனையைச் சீவிச் செம்மைப்படுத்தும் நேரத்தை, வேகத்தின் பேரால் வெட்டக் கூடாது. கருவி நாடி பார்க்கட்டும், தோழர்களே! வைத்தியம் செய்யும் அறிவு தொழிலாளியிடம் இருக்க வேண்டும்.