பின்னமும் பெச்சாஹானும்
(பரிசளிப்பு விழாவில் முன்னாள் மாணவரான ஒரு மருத்துவ மாணவர் ஆற்றிய உரை)



மருத்துவப் படிப்புக்கிடையே ஞாயிற்றுக்கிழமைகளில் கணிதமும் அறிவியலும் டியூசன் சொல்லிக் கொடுத்து வருகிறேன். வருவோரில் படிவம் ஒன்று பிள்ளைகளே அதிகம். "கணக்குல ரொம்ப மக்கு தம்பி, கொஞ்சம் பார்த்துக்குங்க" என்று விட்டுப் போவார்கள். தமிழ்ப்பள்ளியில் போட்டதுதான் தப்பு என்று பேசும் வீடுகளும் உண்டு.

அந்தப் பிள்ளையிடம் தமிழில் கேட்டால், அரையும் காலும் முக்கால் என்று டக்கென்று சொல்கிறான். 'பெச்சாஹான்' என்றால் விழிக்கிறான். பின்னத்துக்கு மலாய்ச் சொல் அதுதான் என்றதும் முகம் தெளிகிறது. அவனுக்குக் குறைந்தது அறிவல்ல, சொல்.

யு.பி.எஸ்.ஆர். 2021இல் நிறுத்தப்பட்டது; பி.டி.3 தேர்வும் 2022இல் போயிற்று. வாய் திறக்காத பிள்ளையைத் தேர்வு காட்டிக்கொடுக்கும் என்று காத்திருக்கக் கூடாது. நாம்தான் கவனிக்கணும்.

ஆறாம் ஆண்டிலேயே ஒரு நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள். சராசரி என்றால் புராத்தா; விழுக்காடு என்றால் பெராத்துஸ். நாளுக்கு ஐந்து சொல் போதும். எழுத்துத் தெரிந்த அண்ணனோ அக்காளோ கேட்டால் போதும், காசு செலவில்லை.

குழந்தையின் எடைக்கேற்ப மருந்தளவு கணக்கிடும்போது இன்றும் எனக்கு உதவுவது இப்பள்ளியில் தமிழில் படித்த விகிதக் கணக்குதான். தமிழில் புரிந்தது வீண் போகாது.

பரிசு பெற்றவர்களுக்கும் பெறப் போகிறவர்களுக்கும் வாழ்த்துகள்.