குடியை விட விரும்புவோர் கூட்டங்கள்



1937-ஆம் வருஷம் அக்டோபர் 1-ந் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு அமுலாயிற்று. ஹோசூர்ப் பிரதேசம் அக்காலம் அந்த ஜில்லாவைச் சேர்ந்ததாகையால் ஜவளகிரியும் அதற்கு உட்பட்டது. 1971-ல் மதுவிலக்குத் தளர்ந்தது. சட்டம் இருந்தாலும் இராவிட்டாலும், குடித்துப் பழகிய உடம்பின் வேட்கை தானே அடங்குவதில்லை.

1935-ல் அமெரிக்காவில் ஆக்ரன் நகரில், குடியால் நொந்த ஒரு வைத்தியரும் ஒரு பங்கு வியாபாரியும் ஒருவருக்கொருவர் துணை நின்று அப்பழக்கத்தை விட்டனர். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் சங்கம் அவ்விதம் தோன்றிற்று. அதில் சந்தா கிடையாது, முழுப்பெயர் கேட்பதில்லை, குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. ஒருவர் தம் அநுபவத்தைச் சொல்வார், ஏனையோர் கேட்பர். முதல் நாள் வாய் திறவாது உட்கார்ந்திருப்பினும் குற்றமில்லை. குடும்பத்தாருக்கென அல்-அனான் என்னும் தனிக் கூட்டங்களும் உள.

நாள்தோறும் மிகுதியாய்க் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கமும், வலிப்பும், சித்தப்பிரமையும் நேரக்கூடும்; பிராணாபாயமும் உண்டு. ஆகவே முதலில் வைத்தியர், பிறகு கூட்டம். பெங்களூரில் ஹோசூர் ரஸ்தாவிலுள்ள நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியில் இதற்குச் சிகிச்சை உண்டு. 14446 என்னும் இலவச டெலிபோனிலும் யோசனை கேட்கலாம். எல்லைப்புறத்தார் தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று பேசுவதால், கூட்டம் எந்தப் பாஷையில் நடக்கிறதென்று முன்னரே விசாரித்துக்கொள்வது நலம். ஊரார் அறிவரென்று கூசுவோர் வேற்றூர்க் கூட்டத்துக்குச் செல்லலாம். போகிறவர் பெயரைச் சங்கக் காரியதரிசி அறிந்திருப்பின், கடன் பாக்கிதாரர் ஜாபிதாவைப் போல் அதைப் பலரறியச் செய்யலாகாது.