சீரியம் என்னும் அருமண் மூலகம்
(சங்கத்தின் மாதக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



திருவிழா இரவுகளிற் பெற்றோமாக்ஸ் விளக்கைத் தலையிற் சுமந்து சுவாமிக்கு முன்னே நடந்தவர்கள் இச்சபையிற் சிலராவது இருப்பீர்கள். நானும் அவர்களுள் ஒருவன். புது மாண்டிலைக் கட்டிக் கொளுத்தினால் துணி எரிந்துபோகும். பையின் உருவம் மட்டும் வெண்சாம்பலாக அப்படியே தொங்கும். விரல் பட்டாலே உதிரும் அச்சாம்பலா இவ்வளவு ஒளியைத் தருகின்றது என்று அன்று வியந்ததுண்டு.

அத்துணி தோரியம், சீரியம் என்னும் இரண்டு மூலகங்களின் உப்புக் கரைசலில் தோய்த்து உலர்த்தப்பட்டது. எரிந்தபின் எஞ்சுவது அவற்றின் ஒட்சைட்டுக்கள். ஒஸ்திரிய இரசாயனர் அவுவர் வொன் வெல்ஸ்பாக் 1891 இல் கண்ட அளவு, தோரியம் ஒட்சைட்டு 99 பங்கும் சீரியம் ஒட்சைட்டு 1 பங்கும். சீரியம் சேராவிட்டால் ஒளி மங்கும், கூடினாலும் மங்கும். கறிக்கு உப்புப் போலத்தான். லைற்றரில் தீப்பொறி பறக்கும் சிறு கல்லும் சீரியத்தை இரும்போடு சேர்த்து அவர் 1903 இல் ஆக்கியதே.

சீரியத்தின் அணுவெண் 58. 1803 இல் சுவீடனிற் பேர்சீலியசும் ஹிசிங்கரும், ஜேர்மனியிற் கிளப்ரொத்தும் இதனைத் தனித்தனியே கண்டனர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வானிற் கண்டறியப்பட்ட சீரிஸ் என்னும் சிறுகோளின் பெயரே இதற்கு வாய்த்தது. சாம்பல் நிற உலோகம். கத்தியால் வெட்டக்கூடிய மென்மை. காற்றுப் பட்டதும் ஒளி மங்கும்; சுரண்டினால் துகள் தீப்பற்றும்.

அருமண் என்ற பெயரைக் கேட்டு இது பொன்னைப்போல அரியது என்று எண்ணிவிடாதீர்கள். புவியோட்டிற் பத்து இலட்சம் பங்குக்கு ஏறக்குறைய 60 பங்கு சீரியம் உண்டு. செம்புக்கு இது ஏறத்தாழ ஈடு. ஈயத்திலும் வெள்ளீயத்திலும் எவ்வளவோ அதிகம். ஆனால், ஓரிடத்திற் குவிந்து கிடப்பது குறைவு. கிடைத்தாலும் இலந்தனம், நியோடைமியம் முதலிய உடன்பிறப்புகளோடு ஒட்டியே கிடக்கும். குணத்தால் அவை ஒன்றையொன்று ஒத்திருப்பதால், பிரித்தெடுக்க இரசாயனர் பல தலைமுறை பாடுபட்டனர். அரியது மண்ணன்று, பிரிக்கும் வித்தையே என்பது என் கருத்து.

இயற்கை அதனைக் குவிக்கும் விதத்தைப் பாருங்கள். கருங்கற்பாறையில் மொனசைற்று என்னும் கனிப்பொருள் சிறுமணிகளாக இருக்கிறது. பாறை சிதைய, ஆறு அதனைக் கடலுக்குக் கொண்டுபோகிறது. அங்கே அலையானது, எங்கள் தாய்மார் சுளகில் அரிசி கொழிப்பதுபோல, இலேசான வெண்மணலை அள்ளிச் சென்று, பாரமான மணிகளைக் கரையில் விட்டுவிடுகிறது. திருவிதாங்கூர்க் கரையிலிருந்து சென்ற கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கண்டே, ஷொம்பேர்க் என்னும் ஜேர்மனியர் 1909 இல் மணவாளக்குறிச்சி மொனசைற்றைக் கண்டுபிடித்தார் என்பர்.

எமது நாட்டிலும் பேருவளைப் பக்கத்துக் கரையில் மொனசைற்று உண்டு. புல்மோட்டைக் கருமணலிலும், இல்மனைற்று, உரூற்றைல், சேர்க்கோன் இவற்றோடு சிறிதளவு கலந்திருக்கிறது. 1957 இல் அங்கு கனிய மணலுக்கெனக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. அம்மணல் பெரும்பாலும் மூலப்பொருளாகவே கப்பலேறுகிறது. அதிலிருந்து செய்த பண்டங்களை நாம் விலை கொடுத்து வாங்குகிறோம். கண்ணாடி வில்லைகளை மினுக்கும் தூளும், மோட்டார் வண்டிப் புகையைச் சுத்திசெய்யும் கருவியும் சீரியம் ஒட்சைட்டைக் கொண்டவை. இரசாயனம் படிக்கும் தம்பிமார் இதனைச் சற்றே நினைத்துப் பார்க்கலாம்.

ஒரு விடயத்தை மறைக்கலாகாது. மொனசைற்றில் தோரியமும் இருப்பதால் அது கதிர்த்தொழிற்பாடு உடையது. பிரித்தெடுத்தபின் எஞ்சும் கழிவைக் காவலோடு வைக்கவேண்டும். கரையோர மக்களின் கிணறுகளை எண்ணாமல் தொடங்கும் தொழில் வேண்டாம். பழைய மாண்டிற் சாம்பலை நாங்கள் சிறுவயதில் ஊதி விளையாடினோம். அதுவும் தோரியமே! நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து அகற்றுங்கள்.

லைற்றர்க் கல் ஒன்றும் அரமும் மேசையில் வைத்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் விளக்கைச் சற்று அணைத்துவிட்டு உரசிப் பார்ப்போம்.