நாகையில் எழுந்த சூடாமணி விகாரம்



பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. ஆடி மாதம் பிறந்ததும் அம்மனுக்குக் கூழ் வார்க்கிறோம். பிறர் மண்ணில் வழிபாட்டிடம் ஒன்று நிலைபெற நம் பொருளும் உழைப்பும் மட்டும் போதுமா? இவ்வினாவிற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே தமிழகத்தில் விடை எழுதப்பட்டது. அன்று நாம் வந்தேறியவர் அல்லோம், இடமளித்தவர்.

கடல் கடந்த ஸ்ரீவிஜய நாட்டு மன்னன் சூளாமணிவர்மன், நாகப்பட்டினத்தில் பௌத்தத் துறவியர்க்கு ஒரு விகாரம் எழுப்பத் தொடங்கினான். அவன் மகன் மாறவிஜயோத்துங்கவர்மன், தந்தையின் பெயராலேயே அதனை நிறைவேற்றினான். சோழ மன்னன் முதலாம் இராஜராஜனோ சைவன். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவன். ஆயினும் தன் 21-ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 1006-இல், ஆனைமங்கலம் என்னும் ஊரை விகாரத்திற்கு அளித்தான். 97 வேலிக்கு மேற்பட்ட நிலம். அதன் வருவாய் 8,943 கலத்துக்கு மேற்பட்ட நெல். பெண் யானையை நடத்தி ஊரின் எல்லை வகுக்கப்பட்டது. தந்தை வாய்மொழியாக அளித்ததை மகன் இராஜேந்திரன் செப்பேட்டில் பொறிப்பித்தான்.

1025-இல் அதே இராஜேந்திரன் ஸ்ரீவிஜயத்தின் மீது கடற்படை செலுத்தினான். பகை மூண்டும் அறம் அறுபடவில்லை. 1090-இல் கடாரத்து அரசனின் தூதர் வேண்ட, முதற் குலோத்துங்கன் விகாரத்து ஊர்களுக்கு வரிவிலக்களித்து வேறொரு செப்பேடு வழங்கினான்.

இவ்வழக்கம் நமக்கே உரியதன்று. 1198-இல் செர்பிய வேந்தராயிருந்து துறவு பூண்ட ஸ்தேவான் நெமான்யாவும் அவர் மகன் சாவாவும், கிரேக்க நாட்டு ஆதோஸ் மலையில் ஹிலாந்தர் மடத்தைப் புதுப்பித்தனர். ஊர்களை மானியமாக ஈந்தவர் செர்பியர். இடத்தை உரிமையாக்கித் தந்தவர் அம்மண்ணுக்குரிய பைசாந்தியப் பேரரசர். அம்மடம் இன்றும் வாழ்கிறது.

நாகை விகாரம் இன்று இல்லை. எஞ்சி நின்ற செங்கற் கோபுரமும் 1867-இல் இடிக்கப்பட்டது. செப்பேடுகளோ நெதர்லாந்தின் லெய்டன் நகரைச் சென்றடைந்து, 'லெய்டன் செப்பேடுகள்' என்றே பெயர் பெற்றன. கட்டடம் வீழ்ந்தது, கொடுத்தவன் சொல் நின்றது.

சுவரை எழுப்புபவர் வந்தவராயினும், அதனைத் தாங்குவது மண்ணுக்குரியவரின் இசைவே. நம் முன்னோர் அவ்விசைவை ஈந்தனர். கன்னட மண்ணில் நாம் அதனைப் பெற்று வாழ்கிறோம். வரும் ஆடியில் கூழ் வார்க்கும்போது, முதற் குவளையை அண்டை வீட்டுக் கன்னட அன்பருக்கு அளிப்போமாக.